சந்தனம் அடைத்த மரை

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைவிட ரம்பத்துக்குத்தான் மரியாதை அதிகம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து காமயகவுண்டன்பட்டியில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கொட்டகை போட்டு மரப்பட்டறை வைத்திருந்தார்கள். கதவு, நிலை, ஜன்னல், கட்டில் எல்லாம் அங்கேதான் உருவாகும். கொட்டகையின் நடுவில் மேசையோடு சேர்ந்த வட்ட ரம்பம் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டு மரத்தைத் தள்ளினால் அறுத்துக்கொண்டே போகும். அதை ஓட்டுவது சித்தப்பா. பதினோரு வருஷமாக ஓட்டியும் கையில் ஒரு கீறல் கிடையாது என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

சித்தி வந்த பிறகு அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. கூடலூரிலிருந்து வந்தவர் அவர். வயிற்றில் பிள்ளை தங்கியதும், திறந்து கிடக்கிற அந்த ரம்பத்தைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்றார். குமுளிக்கு மேலே அவருடைய அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையில் ரம்பத்துக்கு மூடி போட்டிருக்கிறார்களாம், இங்கே மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். ஒருநாள் காலையில் சித்தப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேவிட்டார். அப்பாதான் சமாதானம் சொல்லி, தேனியில் மிஷின் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போய், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாக அந்த மூடியை வாங்கி வந்தார்.

கார்டு என்று அதைச் சொன்னார்கள். ரம்பத்தின் பல்லை மூடும் இரும்புக் கூடு, அந்தக் கூட்டைத் தாங்கிப் பிடிக்கும் வார்ப்பிரும்புக் கை, கையை மேசையோடு சேர்த்து முறுக்க நான்கு போல்ட்டு. அவ்வளவுதான். பூஜை முடியாமல் புதுச் சாமானை மாட்டக் கூடாது என்பது பட்டறையில் எழுதாத சட்டம். அதனால் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சின்னச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் என் உத்தியோகம். உளி, சுத்தியல், இழைப்புளி என்று ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். அந்த வருஷம் புதுச் சாமானைக் கண்டதும் எனக்குப் பக்தி தலைக்கேறிவிட்டது. நான்கு போல்ட்டுக்கும் தலையிலிருந்து கால்வரை பூசினேன். வார்ப்புக் கையில் போல்ட்டு இறங்குவதற்கு மரை வெட்டிய ஓட்டைகள் நான்கு இருந்தன. அவற்றை மட்டும் விட்டால் கோபித்துக்கொள்ளுமோ என்று அவற்றுக்குள்ளும் விரலை விட்டுச் சந்தனத்தை அப்பினேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "ஏத்தா, சாமிக்கு மிச்சம் வச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார். பிள்ளை ஆசையாய்ச் செய்கிறது என்று அப்பா விட்டுவிட்டார்.

மறுநாள் மாட்டினார்கள். போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கினால் இரண்டு ஓட்டையில் பிடித்தது. மற்ற இரண்டில் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. சந்தனம் அடைத்துக்கொண்டது என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவியதும் தப்பு தெரிந்தது. அந்த இரண்டு ஓட்டையையும் செய்தவன் பெரிதாகத் துளைத்துவிட்டு, மரையைப் பேருக்குக் கீறியிருந்தான். போல்ட்டு பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. அடி மூடிய ஓட்டை என்பதால் மறுபக்கம் நட்டுப் போடவும் வழியில்லை. கம்பத்தில் லேத்துப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார் அப்பா. இன்னும் பெரிதாக மரை வெட்டினால் வார்ப்பு விண்டுபோகும், மாற்றித்தான் வாங்க வேண்டும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. தேனிக்குப் போகிற அப்பாவோடு நானும் அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். அந்த அடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

கடைக்காரர் வயதானவர், மரியாதையான மனிதர். அப்பாவுக்கு டீயும் எனக்குத் தனியாகப் பாலும் வரவழைத்தார். அவர் கடையிலும் மிஷின்களுக்கெல்லாம் பெரிய பெரிய பொட்டு அழியாமல் இருந்தது. அப்பா பெட்டியை மேசைமேல் வைத்து, "பிரிச்ச மேனிக்கே கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. மாட்டவே இல்ல. ரெண்டு ஓட்டைல மரை சரியில்ல. என் தம்பிதான் அந்த ரம்பத்துல நிக்கிறான், வேற ஒண்ணு குடுங்க" என்றார்.

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். மரை மோசம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். பில் புத்தகத்தைத் திறக்கப் போனவர், என்ன தோன்றிற்றோ, பழைய வார்ப்புக் கையை இன்னொரு தரம் வெளிச்சத்தில் திருப்பினார். ஓட்டையின் அடியில் துளி மஞ்சள் ஒட்டியிருந்தது.

"இதென்ன?" என்றார்.

"கம்பெனில பூசுன கிரீஸா இருக்கும்" என்றார் அப்பா.

அப்பாவுக்குத் தெரியவில்லைபோல என்று எனக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் தெரிந்த விடைக்குக் கை தூக்குகிற வேகத்தில், "இல்லப்பா, அது நான் வச்ச சந்தனம்!" என்றேன்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு கனிவு. "அப்படியாத்தா? நீயா வச்ச?"

"எல்லா ஓட்டைக்கும் நான்தான் வச்சேன். அப்புறம் போல்ட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பாவும் சித்தப்பாவும் மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சாக."

ஒன்றையும் விடாமல் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்ப அலமாரியில் வைத்தார். "மாட்டலன்னு சொன்னீகளே தம்பி. உள்ளாற சந்தனத்த அப்பி, போட்டு முறுக்கி, பிரஷ் வச்சுத் தேச்சிருக்கீக. நீங்க கெடுத்ததுன்னுதான கம்பெனிக்காரன் சொல்லுவான்? நான் என்னத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப?"

அப்பா வாதாடிப் பார்த்தார். தேய்த்தால் மரை இப்படிப் போகுமா என்று கேட்டார். கடைசியில், கேட்கவே சங்கடமான குரலில், தம்பி சம்சாரம் மாசமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். கடைக்காரர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அலமாரிப் பக்கம் போகவில்லை. கிளம்பும்போது மேசை டிராயரிலிருந்து சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன அளவு டேப் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "புள்ளைய நல்லா வளத்திருக்கீக. பொய்யே வரல பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, மடியில் அந்தப் பெட்டியோடு வந்தார். நான் முன் சீட்டின் கம்பியை அளந்துகொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாசலிலேயே சித்தி நின்றார். "மாத்திக் குடுத்தாகளா மாமா?"

"கடை பூட்டிக்கெடந்துச்சும்மா. அவுக சொந்தத்துல ஏதோ துட்டியாம்" என்றார் அப்பா.

யாரோ செத்துப்போனதாகக்கூடச் சொல்கிறாரே என்று நான் திடுக்கிட்டுப் போனேன். டேப்பைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஒரே நாளில் எத்தனை பொய். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குப் பொய் வராது, அப்பாவுக்கு வரும். அன்று முதல் அவர் எனக்கு ஒரு படி இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றார் சித்தப்பா. அப்பா போவோம் போவோம் என்றார், போகவில்லை. போய் என்ன பயன் என்பது அவருக்குத்தான் தெரியும். இதற்குள் ஒரு வீட்டுக்காரர் தைக்குள் குடிபோக வேண்டும் என்று கதவு, நிலைக்கு நெருக்க ஆரம்பித்தார். மூடியில்லாமல் சித்தி விடமாட்டார். அண்ணனும் தம்பியுமாக, பிடிக்கிற இரண்டு ஓட்டையில் போல்ட்டைப் போட்டு, பிடிக்காத பக்கத்தைக் கட்டுக்கம்பியால் மேசைக் காலோடு இறுக்கிக் கட்டினார்கள். கம்பி தெரியாமல் அதன்மேல் ஒரு சாக்குத்துணி. மத்தியானம் சோறு கொண்டுவந்த சித்தி, ரம்பத்தின் மேல் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார். அந்த ஏமாற்று வேலையில் சித்தப்பாவுக்கும் பாதிப் பங்கு உண்டு. ஆனால் பிற்பாடு யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் அவர் இல்லை.

மூன்று வாரம் தாங்கியது. மிஷின் அதிர அதிரக் கம்பி தளர்ந்து, ஒரு புதன்கிழமை காலையில் அறுந்துவிட்டது. மூடி ஒருபக்கமாகச் சாய்ந்து ரம்பத்தின் மேல் விழப் போயிருக்கிறது. விழுகிற சாமானைக் கை தானாகப் பிடிக்கப் போகுமே, அப்படிச் சித்தப்பாவின் வலது கை போயிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது கொட்டகை திறந்தபடி கிடந்தது, யாரும் இல்லை. மேசையிலும் கீழே மரத்தூளிலும் ரத்தம் ஊறியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் என்னைக் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனது.

ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். ஐஸ் கட்டியில் வைத்து மதுரைவரை எடுத்துப் போனார்கள். ஒட்டவில்லை. பதினோரு வருஷம் மூடியில்லாமல் பத்திரமாக இருந்த கையை, அதைக் காப்பதற்கென்று வாங்கிய மூடி மூன்று வாரத்தில் தின்றுவிட்டது.

நாலாம் நாள் அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சித்தப்பா மாத்திரை மயக்கத்தில் கிடந்தார். கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருந்தது. சித்தி அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றவர், அப்பாவைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். "அன்னைக்குத்தான் பூட்டிக்கெடந்துச்சு. மறுவாரம் தெறந்திருக்கும்ல மாமா? இன்னொரு நட போகணும்னு ஒங்களுக்குத் தோணலையா?"

சித்தியின் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் நான்தான், கடையில் நான் திறந்த வாய்தான். இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை திறந்திருந்தது என்பது மட்டுமே. சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. "போயி சித்திக்குத் தண்ணி பிடிச்சுட்டு வாத்தா" என்றார். நான் வெளியே போகும்போது, "எந் தப்புதாம்மா" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. மாட்டிக்கொள்வோம் என்று பயந்துதான் என்னை விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டே குழாயடியில் நின்றேன்.

குழந்தை பிறந்தது. பட்டறைக் கூட்டு பிரிந்தது. சித்தப்பா சித்தியோடு கூடலூருக்கே போய்விட்டார். உளி பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு, குமுளி போகும் ஜீப்புகளுக்கு ஆள் கூப்பிடும் வேலையில் சேர்ந்தார். அவராவது விசேஷங்களில் எங்களோடு பேசுவார். சித்தி, அப்பா இருக்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டார். சோம்பேறித்தனத்தில் ஒரு நடை போகாமல் தம்பி கையைக் கெடுத்தவர் என்று சொந்தத்தில் அப்பாவுக்குப் பெயர் ஆகிவிட்டது. அந்தப் பெயரோடுதான் போன வருஷம் செத்தும் போனார். எழவுக்கு வந்த சித்தி ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் அப்போதும் சொல்லவில்லை. பொய் வராத எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் நன்றாக வந்துவிட்டது.

இதில் எனக்கு மறக்கவே முடியாதது வேறு ஒரு நாள். பிளஸ் டூ முடித்திருந்தேன். மதுரையில் காலேஜில் சேர விண்ணப்பம் வாங்க வேண்டும். திங்கட்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்று அப்பா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாளாகப் பட்டறையைப் பார்த்ததில் அவருக்கு ஒழியவில்லை. அன்று மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அடுத்த திங்கட்கிழமை கண்டிப்பாகப் போகிறேன் என்றார்.

"போவீக. போயிட்டு வந்து, காலேஜு பூட்டிக்கெடந்துச்சு, அங்கன ஏதோ துட்டின்னு சொல்லுவீக" என்றேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார். அம்மா ஒன்றும் புரியாமல், "என்னடி சொல்ற? யாருக்குத் துட்டி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, அது எங்களுக்குள்ள. நீ சாப்பிடு" என்று அப்பா அவசரமாகச் சொன்னார்.

பொய் வெளியே வந்துவிடுமோ என்று இன்னும் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்ட திமிரோடு எழுந்து கை கழுவப் போனேன்.