வாசலில் தொங்கும் மஞ்சப்பை

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிடங்கு வாசலுக்குப் போனதும் என் கைகள் தாமாக மேலே போகும். துப்பாக்கியைக் கண்டவன்போல நிற்கிறானே என்று காவலாளி நினைத்தாரோ என்னவோ, "அலெஸ் கூட்?" என்று கேட்டார். எல்லாம் நலமா என்று அர்த்தம். நலம்தான். ஆனால் சட்டைப்பையை யாரும் தடவிப் பார்க்காமல் வேலைக்குள் நுழைவது எனக்குப் பல மாதம் கூச்சமாகவே இருந்தது.

சிவகாசிப் பக்கத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். தாயில்பட்டியில் என்னோடு வேலை பார்த்த சுப்புராஜ் அண்ணன், வெளியே இருந்தால் வாயில் பீடி இல்லாமல் பேசமாட்டார். உள்ளே போனால் சாயங்காலம் வரை அந்த நினைப்பே இருக்காது. "எம்புட்டு மனக்கட்டுப்பாடுண்ணே ஒங்களுக்கு!" என்றேன் ஒருநாள்.

"அடப் போலே! கையில இருந்தா இந்நேரம் ஒன்னையும் சேத்துல்ல கொளுத்தியிருப்பேன்!"

சிரித்ததோடு அந்தப் பதிலை மறந்துபோனேன். இங்கே நிரந்தர வேலை வேண்டுமானால் ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். இரண்டு தரம் தோற்றேன். 'மோட்டிவாட்சியோன்', அதாவது ஊக்கம், போதாது, உள்ளே வேட்கை வேண்டும் என்றார் மொழி வகுப்பு ஆசிரியை. நானும் சபதம் போட்டேன், சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். புத்தகத்தைத் திறந்தால் கை செல்லுக்குத்தான் போனது. அதில் எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பொங்கல் படம், அக்கா வீட்டுக் கல்யாணப் பேச்சு என்று ஊரே இருந்தது.

ஒரு சாயங்காலம் என் மனைவி மாரீஸ்வரி நான் படிக்கும் அறை வாசலை மறித்து நின்றாள். அவளும் தாயில்பட்டியில் அதே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள்.

"ஏங்க, கையத் தூக்குங்க."

"என்னத்துக்கு?"

"சோதனை. செல்ல இந்த மஞ்சப்பையில போட்டுட்டு உள்ள போங்க. சுப்புராஜ் அண்ணன் பீடியவே வச்சிட்டுப் போனாரு, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

பை கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. வேட்கை ஒன்றும் கூடிவிடவில்லை. அதே சோம்பேறி மனசுதான். ஆனால் கை நீட்டினால் புத்தகம் மட்டுமே அகப்பட்டது. மன உறுதியை நான் பழிக்கவில்லை. பையில் செல்லைப் போடுகிற அந்த ஒரு கணத்துக்கு அது வேண்டும். மிச்ச நேரத்தை வாசல் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் தரம் தேறினேன். "என்ன மன உறுதி!" என்று ஆசிரியை கை குலுக்கினார். மஞ்சப்பை விஷயத்தை என் ஜெர்மனில் விளக்கினேன். அவருக்குப் பை பரிசளிக்கப் போகிறேன் என்று எண்ணி நன்றி சொன்னார்.

இப்போது மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிக்கிறேன். தேறிவிடுவேன், சந்தேகமில்லை. படித்துக்கொண்டிருக்கையில் கதவுக்கு வெளியே பை அதிர்கிறது.

"ஒங்க அக்காவாத்தேன் இருக்கும்" என்கிறாள் மாரீஸ்வரி.

"இருக்கட்டும், பொறவு பேசிக்கிறேன்" என்கிறேன். அது அதிர்ந்து அடங்கும்வரை ஒரு சொல்லும் மண்டையில் ஏறுவதில்லை. அடங்கியபின் பக்கத்தைப் புரட்டுகிறேன்.