மனமகிழ் மன்றத்து விதியில் அடைபட்ட எங்கள் சபை

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நற்குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் அவருக்கு நடந்த அநியாயத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் இல்லை. அதைச் செய்தவர்களில் முதல் ஆள் நான், அவருடைய ஒரே தம்பி.

அண்ணன் கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூரில், நிலக்கடலையை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் நான் திருவண்ணாமலையில் தங்கி முதுகலை வரை படித்தேன்; வேங்கிக்காலில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வும் பெற்றேன். ஆலையில் உடன் வேலை பார்த்த ஒருவர் மூலம் அண்ணன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். சொந்தக்காரர்கள் பலர் வெகுகாலம் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாவு எதற்கும் அவர் போகாமல் இருந்ததும் இல்லை. பின்னால் நானும் அவர் வழியில் வந்தேன்.

ஆலைக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்தாறு பேரோடு அவர் ஜெபத்தைத் தொடங்கினார். பிறகு ஊர் எல்லையில் தம் பெயரில் இருந்த துண்டு நிலத்தில் ஆலயம் கட்டினார். கலவை சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கதவுக்குப் பூட்டு கிடையாது. ஆடு நுழையாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருப்பார், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் மனைகள் போட்டு நிலத்தின் விலை ஏறியபோது எனக்குப் பயம் வந்தது. நிலம் ஒரு தனி மனிதர் பெயரில் இருக்கிறது. அவருக்குப் பிறகு யார் உரிமை கேட்டு வருவார்களோ? பைலா என்கிற விதித் தொகுப்பு ஒன்றை எழுதி, சபையைச் சங்கமாக அரசாங்கத்தில் பதிவு செய்துவிடலாம் என்றேன். அண்ணன் ஒப்பவில்லை. சபைக்குத் தலை கிறிஸ்து, அவரை எந்த விண்ணப்பத்தில் எழுதுவாய் என்று கேட்டார். எனக்கு வாதம் பேச வரும்.

“கல்யாணத்தக்கூடதான் பதிவு பண்றோம். அதுக்காக நம்ம குடும்பத்த சர்க்காரா நடத்துது?” என்றேன்.

“கல்யாணத்துக்கு பைலா கெடையாதுடா,” என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. இது நிலத்துக்கு மட்டும்தான், சபையில் ஒரு துரும்பும் அசையாது என்று வாக்குக் கொடுத்தேன். தம்பி படித்தவன் என்று நம்பி, அவர் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த பைலாவை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசிக்கும்படியும் அது இல்லை. எங்கள் அலுவலக ஊழியர்களின் மனமகிழ் மன்றத்துக்கு நான் முன்பு செயலாளராக இருந்தேன். அதன் விதிகளை எடுத்து, ‘மன்றம்’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘சபை’ என்று மாற்றினேன். கேரம் பலகை பற்றிய பகுதியை நீக்கினேன். மற்றதை அப்படியே பதிவுக்குக் கொடுத்தேன். ஊரார் கோப்புகளில் ஒற்றெழுத்துக்குக்கூட மல்லுக்கட்டிய நான், ஆண்டவருடைய வீட்டுக்குச் செய்த வேலை இது.

அண்ணன் சர்க்காருக்குப் பயந்தார். சர்க்கார் ஒருநாளும் எங்கள் ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் நாங்களே சர்க்கார் ஆனோம். நகரத்தில் கடை வைத்திருந்த ஒருவர் தலைவர் ஆனார். நான் செயலாளர். கயிறு போய்ப் பூட்டு வந்தது. ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதித் தராதவர் உறுப்பினர் அல்லர், உறுப்பினர் அல்லாதவர் பொறுப்பு வகிக்க முடியாது என்பது விதி. அண்ணன் ஒருமுறையும் விண்ணப்பம் தரவில்லை. செங்கல் சூளைக் கூலிகளை அவர் முன்வரிசையில் உட்காரவைத்தது தலைவருக்குப் பிடிக்காமல் போகும்வரை யாரும் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. அதன் பிறகு தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே, அண்ணன் வகித்துவந்த போதகர் பொறுப்பு காலியாகிவிட்டது என்று அறிவித்தார்கள். வாசித்தது நான். மாட்டேன் என்று சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? அண்ணன் வேதபுத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கிவந்து, சூளைக்காரர்களோடு பாயில் உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்து அங்கேயே உட்கார்ந்தார்.

ஆலைத் தூசு தின்ற நுரையீரல் அவரை மருத்துவமனையில் படுக்கவைத்தது. அங்கேயும் நான் விண்ணப்பத் தாளோடு போனேன். ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கெஞ்சினேன்.

“நான் போட்டா என்ன உள்ள விடுவீங்க. போடத் தெரியாதவன் வந்தா?” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “உள்ள விடறதுக்கு கையெழுத்து கேக்கற எடம் சபை இல்லடா.”

பத்து நாளில் போய்விட்டார்.

அன்று பௌர்ணமி. பேருந்தெல்லாம் கிரிவலக் கூட்டம். சொந்தக்காரர்கள் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். அடக்க ஆராதனைக்காக அண்ணனை ஆலய வாசலுக்குக் கொண்டுவந்தோம். கதவு பூட்டியிருந்தது. தலைவர் அண்ணியிடம் பணிவாகத்தான் பேசினார்.

“உறுப்பினரா இல்லாதவங்க நிகழ்ச்சிக்கு எடம் தரணும்னா பொதுக்குழு கூடணும். அதுக்கு ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும். உங்க கொழுந்தனார் எழுதுன விதிதாம்மா.”

மன்றத்துக் கூடத்தைக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வெளியாட்கள் கேட்டு வராமல் இருக்கப் போட்ட விதி அது. அதற்குள் அண்ணன் பிணமாகக் கிடந்தார்.

அண்ணி தலைவரைப் பார்க்கவே இல்லை. “தொறங்க தம்பி,” என்றார் என்னிடம்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் திறக்கவில்லை. நிர்வாகிகள் எல்லாரிடமும் ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். கேட்டேன். பொதுக்குழு கூடட்டும் என்றார்கள். விதிப்படி நோட்டீஸ் எழுதிக் கதவில் ஒட்டவும் செய்தேன்.

எதிரில் ஒரு விவசாயியின் களம் உண்டு. நெற்றி நிறைய விபூதியோடு அவர் எழுந்து வந்தார். “வெயில்ல எவ்ளோ நேரம் போட்டு வெப்பீங்க? இங்க கொண்டாங்க,” என்றார்.

பழக்கதோஷம், யாரையாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என் களத்துக்கு நான் யார கேக்கறது?”

காய்ந்துகொண்டிருந்த கடலையை அவர் மனைவி துடைப்பத்தால் ஒதுக்கினார். அங்கே அண்ணனைக் கிடத்தினோம். ஜெபத்தைச் சூளையிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார்.

சபையைப் பதிவு செய்யலாமா என்று கேட்டு இப்போதும் என்னிடம் வருகிறார்கள். நிலத்துக்குக் காப்பு வேண்டுமானால் நிலத்தை மட்டும் ஓர் அறக்கட்டளையின் பெயரில் எழுதி வையுங்கள். யார் கிறிஸ்துவின் பிள்ளை, யார் பிரசங்கம் செய்யலாம், யாருடைய உடல் உள்ளே வரலாம் என்பதை ஒரு பதிவுத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால், என்னைப் போல ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பின்னால் ஒளிந்துகொண்ட எங்கள்மேல்தான் கோபம். அது ஓராண்டில் ஆறவில்லை. ஆறக் கூடாது.

களம் தந்த விவசாயிக்கும் அவர் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கல்லறை தோண்டிய சூளைத் தோழர்களுக்கும், நோயில் துணைநின்ற செவிலியர்களுக்கும், கூட்டத்தில் நின்றுகொண்டே வந்த உறவினர்களுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வரியையும் அடிக்காமல் அச்சுக்குக் கொடுத்த அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

சபையின் தற்போதைய நிர்வாகிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணனை அடக்கம் செய்த எட்டாம் நாள், ஒட்டிய நோட்டீஸ்படி பொதுக்குழு கூடியது. அவருடைய உடலை ஆலயத்துக்குள் வைக்க ஏகமனதாக அனுமதி வழங்கியது. அந்தத் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டவன் நான்; அதுவே செயலாளராக என் கடைசிக் கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். நமக்குப் பின் வருகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.