பழுப்பு அட்டைக்குள் நாற்பத்திரண்டு

சம்பூர்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைச் சதுரங்கப்பட்டினமே ஒப்புக்கொள்ளும். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். தையல் கற்றுக்கொண்டாள், பிடிக்கவில்லை. பால் பூத்தில் உட்கார்ந்தாள், அதுவும் சரிப்படவில்லை. முப்பத்திரண்டு வயதில், 1995இல், பக்கத்து அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பின் வாசகர் மன்றத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்த பிறகுதான் அவள் கால் ஓரிடத்தில் நின்றது. திரும்பி வரும் புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே, "பாதிதானே படிச்சீங்க?" என்று கேட்டுவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதனாலேயே பலருக்கு அவளைப் பிடிக்காது.

அடுத்த வருஷம், மாற்றலாகிப் போன ஒரு விஞ்ஞானித் தம்பதி இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு, எல்லாம் படப் புத்தகங்கள். ஆனால் அணில், ஆடு, இலை வகையறா இல்லை. குண்டு விழுந்த ஊரில் தன் சைக்கிளைத் தேடி அலைகிற பெண் ஒன்றில் இருந்தாள். கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிற பையன் இன்னொன்றில். சிலவற்றில் பக்கத்துக்கு ஒரு வரி இங்கிலீஷ், பலவற்றில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. திமிங்கலப் புத்தகத்தைப் புரட்டிய அன்று சம்பூர்ணம் மதியச் சாப்பாட்டை மறந்தாள். அவள் சாப்பாட்டை மறந்ததாகச் சரித்திரமே இல்லை.

மன்றச் செயலாளர் ரவிச்சந்திரன் திருச்சிக்காரர், சட்டம் பேசுகிற மனிதர். படம் என்றால் சிறுவர் பகுதி, அவ்வளவுதான். முழங்கால் உயர நாற்காலிகளுக்கு நடுவே புத்தகங்களை அடுக்கச் சொன்னார். முதல் வாரமே ஒரு யூ.கே.ஜி. குழந்தை இடிந்த வீட்டுப் படத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது, அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். யாருக்காகப் போட்ட புத்தகமோ அந்தப் பெரிய பிள்ளைகளோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது படிக்கும் ஜெஸ்ஸி மட்டும் ஒருநாள் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினாள். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று வைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு வெக்கம்? எட்த்துகினு போயேன்."

"ஐயோ அக்கா, கிளாஸ்ல தெரிஞ்சா அவ்வளவுதான். பொம்மை புக்குன்னே பேர் வெச்சிடுவாங்க."

மன்றத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வருஷம் முழுக்க யாரும் எடுக்காத புத்தகம் மார்ச் 31ஆம் தேதி கழிக்கப்படும். கழிப்பது என்றால் செங்கல்பட்டுப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுப் போவது. ஜனவரி முடிகிற வரைக்கும் நாற்பத்திரண்டில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. சம்பூர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் திமிங்கலத்தைத் தராசில் நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுப்புத் தாள் வாங்கி வந்தாள். ஜூன் மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு பாடப் புத்தகங்களுக்குப் போடுகிற அதே அட்டை. நாற்பத்திரண்டுக்கும் கச்சிதமாகப் போட்டு, லேபிள் ஒட்டி, தன் குண்டுக் கையெழுத்தில் 'துணைக் கையேடு – 1', 'துணைக் கையேடு – 2' என்று எழுதிக்கொண்டே போனாள். பத்தாம் வகுப்பு வழிகாட்டிகள் இருக்கிற உயரமான அலமாரியில் கொண்டுபோய்ச் செருகினாள். பொய்தான். ஆனால் நல்ல பொய் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜெஸ்ஸியின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டாள். அது போதுமானதாக இருந்தது. பத்து நாளில் பன்னிரண்டு புத்தகங்கள் வெளியே போய்விட்டன. மேஜையில் பழுப்பு அட்டையைப் பார்த்த அம்மாக்கள் பால் டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, செயலாளரின் மகன் அபிஷேக் பதினேழாம் எண்ணை எடுத்துப் போகிற வரைக்கும்.

அவன் பத்தாவது. அவன் மேஜையில் 'துணைக் கையேடு' என்ற லேபிளைப் பார்த்த அவன் அம்மா சியாமளா, அட்டையைத் திறக்கவில்லை. காய்கறிக் கடைக்குப் போய் இரண்டு பேரிடம் சொன்னாள். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருக்கிற கையேடு இன்னொரு வீட்டில் இல்லை என்றால் அந்த இன்னொரு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மறுநாள் சாயங்காலம் மன்ற வாசலில் பெற்றோர் வரிசை நின்றது.

"ஜெஸ்ஸிக்கு ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் கொடுங்க. அடுத்த வருஷம் அவளும் பத்தாவது" என்றார் ஜெஸ்ஸியின் அப்பா ஜெபகுமார். பின்னாலிருந்து ஒருவர், "ஜெராக்ஸ் எடுக்கலாமா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் புத்தகமும் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்கத்தானே போகிறார்கள்! வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆறு மணிக்கு அலமாரி காலி.

மறுநாள் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து ஜெபகுமார் ஐந்தையும் திருப்பினார்.

"எப்டி சார் இருந்திச்சி?" பதிவேட்டைப் புரட்டியபடியே கேட்டாள்.

"கொஞ்சம் ஹை லெவல்தான்" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஆறு இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாதிப் பேர் டாக்டர் பட்டம் வாங்கிய இடம். எழுத்தே இல்லாத புத்தகத்தைப் பார்த்து 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று முதலில் சொல்ல அங்கே ஓர் ஆள் தேறமாட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆறை எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 31 வந்தது. ரவிச்சந்திரன் கழிவுப் பட்டியலோடு வந்து உட்கார்ந்தார். பதினேழாம் எண் மட்டும் இன்னும் திரும்பவில்லை. இனியும் தாங்காது என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது.

"சார், அது கையேடு இல்ல சார். எல்லாம் அந்தப் படப் புக்குதான். அட்டை போட்டது நான்தான். பசங்க எதுனா படிக்கட்டுமேன்னு… என்ன வேணா பண்ணுங்க, புக்க மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க."

"முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பழுப்பு அட்டையைக் காணோம். படகோடு ஒரு மனிதன், எழுத்தில்லாத புத்தகம். கடைசிப் படத்தில் அவன் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கிறான்.

"பையனைத் திட்டத்தான் திறந்தேன். இவன் ஊருக்குத் திரும்பி வரான்னு நான் சொல்றேன். கிடையாது, போறான்ங்கறான் அபிஷேக். ரெண்டு வாரமா வீட்ல இதே சண்டை. ரெண்டு வருஷமா 'ம்', 'சரி'க்கு மேல பேசாத பய, போன வாரம் பரீட்சை எழுதிட்டு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை. 'அப்பா, துடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க'ன்னு நிக்கறான்." கடைசிப் படத்தை அவளிடம் காட்டினார். "நீ என்ன சொல்றே?"

"போறான் சார். நல்லா பாருங்க, மூஞ்சி கடலப் பாத்துகினு கீது."

"அது கழுத்து திரும்பியிருக்கு! காலைப் பாரும்மா, காலை!"

கால் மணி நேரம் ஆயிற்று. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர் பட்டியலை இழுத்து, 'கழிக்க வேண்டிய படப் புத்தகங்கள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். லேபிள்களை இன்றைக்கே கிழித்துவிட வேண்டும், பொய் கூடாது, ஆனால் அலமாரி அதேதான் என்றார். பிறகு பதினேழாம் எண்ணை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் பதினஞ்சு நாள் போட்டுக் கொடு."

"அபிஷேக் கார்டுலதானே சார்?"

"வேண்டாம், என் பேர்ல போடு. அவன் கார்டுல எடுத்தா அவனே வெச்சுக்கறான், என்னைத் தொட விடமாட்டேங்கறான்."