மடியில் வைத்துப் பார்த்த லேப்டாப்

2008-ஆம் வருஷம், மே மாதக் கடைசி. நான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி நோயில் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிய மூன்றாம் மாதம் குவைத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் நானும், ப்ளஸ் டூ படிக்கிற அவர் மகனும் மட்டும்.

அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிறது. பேச்சு தமிழ்தான், ஆனால் படிப்பெல்லாம் மலையாளம். பையனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கு மலையாளம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெருவில் பாதி வீடு தமிழ் வீடு என்பதால் கற்றுக்கொள்ளும் அவசியமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. தமிழ் தெரிந்தவளுக்கு மலையாளம் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைக் காட்டி "மோளுக்குப் பனி" என்றதும், இந்த வெயிலில் ஏது பனி என்று சிரித்தவள் நான். அங்கே பனி என்றால் காய்ச்சல். பையன் "களிக்கணும்" என்றபோது உளுந்தங்களி கிண்டித் தட்டில் வைத்திருக்கிறேன். அவன் விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அந்த ஜனவரியில் ஒரு நாள் அவனுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார். வேகமான மலையாளம். எனக்கு விளங்கியது ஒரே வார்த்தை. "அவனு வல்லாத்த விஷமம் உண்டு. வீட்டில் ஒன்னு ஸ்ரத்திக்கணே" என்றார். விஷமம் எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் மரம் ஏறுகிற, கண்ணாடியை உடைக்கிற பிள்ளைகளை விஷமக்காரன் என்றுதானே சொல்வோம். "நான் கண்டிச்சு வைக்கேன் டீச்சர்" என்று சொல்லி போனை வைத்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பள்ளிக்கூடத்துல விஷமம் பண்ணுதியாமே? இங்க வாய் பேசாத பிள்ளை மாதிரி இருக்க, அங்க ஆட்டம் போடுதியோ?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து நாலு மாதம் அவனை ஒரு போலீஸ்காரி மாதிரிதான் கவனித்தேன்.

அவன் என்னைச் சித்தி என்றோ வேறு எப்படியோ கூப்பிட்டதே கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் என் முன்னால் வந்து நிற்பான். அது எனக்குள் நாளுக்கு நாள் குத்திக்கொண்டே இருந்தது.

பரீட்சை முடிந்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கப் போவதென்று முடிவானது. குவைத்திலிருந்து அவர் போனில், "அவன் ஆசைப்படுற லேப்டாப்பை வாங்கிக் குடு, நீ கூடப் போ" என்றார். படிக்க ஒரு சாதாரண லேப்டாப் போதாதா, விளையாட்டுக்கென்று இருக்கிற பெரிய மிஷின் எதற்கு என்று நான் வாதாடிப் பார்த்தேன். அவர் விடவில்லை. அன்று ராத்திரி பையன் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது. மலையாளத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்ட பட்டியல். நடுவில் 17, 256 என்கிற எண்கள் மட்டும் எனக்குப் புரிந்தன. என்ன மாதிரி லேப்டாப் வேண்டுமென்று எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. ஒரு நாள் கடைக்குப் போகும் அவசரத்தில், வேறு காகிதம் தேடச் சோம்பல்பட்டு, அதன் பின்பக்கம் மளிகைச் சீட்டு எழுதினேன். உளுந்து, பெருங்காயம், வெல்லம், பாத்திரம் தேய்க்கிற சோப்பு. பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதியதில் எழுத்து மறுபக்கம்வரை பதிந்துவிட்டது. கடைக்குப் போய் வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். மறுநாள் அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, தோப்பும்படி பாலம் தாண்டி எர்ணாகுளம் போனோம். முதல் இரண்டு கடைகளில் பையன் அந்தத் தாளைக் காட்டினான், அவர்கள் இல்லையென்று தலையாட்டினார்கள். மூன்றாவது, பிராட்வே பக்கம் ஒரு மாடிக் கடை. அங்கே இருந்த விற்பனைக்காரர் நல்ல மனுஷர். நாற்பது வயதிருக்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார். அதைவிடப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, அதைவிட வேகம் என்று புது மிஷின் மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். ஒன்றில் கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்குகூட எரிந்தது. எனக்கே ஆசையாக இருந்தது.

பையன் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது வேண்டா" என்றான். அடுத்ததைக் காட்டினால் அதற்கும் "வேண்டா". தாளில் இருப்பதுதான் வேண்டுமாம். கிடைக்காத சாமானைக் கேட்டு அடம் பிடிக்கிறானே என்று எனக்கு உள்ளே கொதித்தது. விற்பனைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "சேச்சி, மோனுக்கு நல்ல விஷமம் உண்டு கேட்டோ" என்றார்.

அவ்வளவுதான். டீச்சர் சொன்னது போதாதென்று கடைக்காரனும் சொல்கிறானே என்று எனக்குக் கண்மண் தெரியவில்லை. "போற இடமெல்லாம் உன் விஷமம்தானாலே?" என்று கத்தியபடி, அத்தனை பேர் முன்னால், பதினேழு வயசுப் பையன் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. என் கை பட்டுத் தரையில் விழுந்த தாளைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வாசல் படிக்கட்டில் போய் நின்றான்.

விற்பனைக்காரர் பதறிப்போய்விட்டார். "அய்யோ சேச்சி, எந்தினு அடிச்சு? ஞான் குற்றம் பறஞ்ஞதல்ல." குறையாகச் சொல்லவில்லை என்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அவன் பண்ணுகிற விஷமத்தைத்தானே சொன்னீர்கள் என்றேன் நான். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சேச்சி, விஷமம்னு வெச்சா சங்கடம். துக்கம். மனசுக்குள்ள கஷ்டம். அதாணு ஞான் பறஞ்ஞது."

எனக்குத் தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன். தெரிந்த வார்த்தை என்பதால்தான் மோசம் போனேன். ஜனவரியில் டீச்சர் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு ரொம்ப வருத்தம் இருக்கிறது, வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவன் அம்மா இறந்ததும் ஒரு ஜனவரியில்தான். அம்மாவை நினைத்துத் துக்கப்பட்டதற்கு நான் அவனுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறேன்.

அங்கிருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளில் என்னதான் எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் முதலில் பின்பக்கத்து மளிகைச் சீட்டைப் பார்த்தார், பிறகு திருப்பிப் படித்தார். முதல் வரி ஒரு மாடலின் பெயர். திரை பதினேழு இஞ்ச் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும், மெமரி 256 எம்.பி.-க்குக் குறையக் கூடாது. நம்பர் பொத்தான்கள் தனியாக வேண்டும். கடைசி வரி வந்ததும் அவர் குரல் மாறியது. "மடியில் வெச்சா சூடு குறவாயிரிக்கணும். மோன் கட்டிலில் இருந்தாணு களிக்குன்னது" என்று படித்தார். மடியில் வைத்தால் சூடு குறைவாக இருக்க வேண்டும், மகன் கட்டிலில் உட்கார்ந்துதான் விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறது. பிறகு, "இது மோன்டெ எழுத்தல்ல சேச்சி. இது ஒரு அம்மை எழுதினதாணு" என்றார்.

அவன் அம்மா எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், சுள்ளிக்கல்லில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தவர். பள்ளி விட்டால் அவன் அங்கே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளையாடித்தான் வளர்ந்தானாம். பத்தாவது பாஸானால் வாங்கித் தருகிறேன் என்று அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்த மிஷினாம் அது. இதெல்லாம் அவன் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தெரிந்துகொண்டவை. ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. அந்த எழுத்தின் முதுகில்தான் நான் உளுந்தும் பெருங்காயமும் எழுதியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விற்பனைக்காரரிடம், "அந்த மூணையும் ஓட விடுங்க, ஒவ்வொண்ணா என் மடியில வைங்க" என்றேன். அவர் புரிந்துகொண்டார். ஒரு கார் பந்தய விளையாட்டைப் போட்டு, முதல் மிஷினை என் மடியில் வைத்தார். புடவை வழியாகவே கால் மணி நேரத்தில் தொடை காந்தியது. விசிறி இரைந்த இரைச்சலில் பேசினால் காது கேட்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது அதுதான். அது வேண்டாம் என்று கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன். பட்டியலில் இருந்த மற்ற எல்லாமே பழசாகிவிட்டன. அவன் அம்மா எழுதிய அந்தக் கடைசி வரி மட்டும் பழசாகவில்லை. அதை மட்டுமாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மூன்றாவது மிஷின் என் மடிக்கு வந்து பத்து நிமிஷம் இருக்கும். பையன் உள்ளே வந்தான். எதிரில் குந்தி உட்கார்ந்து, மிஷினுக்கும் என் மடிக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தான். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, "இது மதி" என்றான். போதும் என்று அர்த்தம். அது எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் விற்பனைக்காரரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்றைக்கே அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சித்தி என்று கூப்பிடவே இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தான். பாலம் ஏறும்போது, திரும்பாமலே, "காலு பொள்ளியோ?" என்று கேட்டான். பொள்ளி என்றால் என்ன என்று எனக்கு ஒரு யூகம் இருந்தது. அந்த யூகத்தை ஒதுக்கிவிட்டு, "அப்படின்னா என்ன தம்பி?" என்றேன். "சுட்டுதான்னு" என்றான். லேசாகச் சுட்டது, பரவாயில்லை என்றேன். பிறகு, "உன்னை அடிச்சது தப்பு தம்பி" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். வீடு போனதும் பீரோவைத் திறந்து, மவுஸை எடுத்து அவன் மேஜையில் வைத்தேன்.

அந்த வருஷமே பக்கத்து வீட்டு அக்காவிடம் மலையாள எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். அந்த லேப்டாப் ஐந்து வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்துபோனது. அந்தத் தாளை மட்டும் அவன் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான். பின்பக்கத்தை மறைத்து ஒரு வெள்ளைத்தாள் ஒட்டித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டா சித்தி, ரெண்டு பக்கமும் இருக்கட்டு" என்றான். இன்றும் யாராவது எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை ஒன்றைச் சொன்னால், ஒரு நிமிஷம் நின்று அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் பேசுகிறேன். அன்று அந்தக் கன்னத்தில் விழுந்த அடியைத் திருப்பி எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.