பாணை நிறுத்தாத டொக்டர்

சண்டை முடிந்த பிறகு, நாங்கள் இருந்த தில்லையடிக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஆராய்ச்சி டொக்டர் வந்தார். எங்களோடு பேசும்போதெல்லாம், நாங்கள் நாறுவதுபோல, வாசனைக் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

என் மகளுக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறுகும் வருத்தம். குழாய் விட்டுச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தவர், மாதக்கணக்காக ஒன்றும் சொல்லவில்லை. மகள் மெலிந்துகொண்டே போனாள். ஒருநாள் அவரை மறித்துக் கேட்டேன்.

"பாலும் கோதுமையும் ஒத்துக்கொள்ளாத அலர்ஜி. உணவுக்குழாய் வீங்கியிருக்கு" என்றார்.

"இது எப்ப தெரியும்?"

"முதலே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல? புள்ள நித்தம் தின்டது கோதுமை மாப் பாணும் பால் தேத்தண்ணியும்தானே!"

"நிப்பாட்டினா வருத்தம் சுகமாகி என்ட ஆராய்ச்சி பழுதாப் போயிடுமே."

அன்றே இரண்டையும் நிறுத்தினோம். மகள் தேறிவிட்டாள். அந்தப் பதிலைச் சொன்னபோது டொக்டருக்கு வெட்கமே இல்லை. தன் ஆராய்ச்சிக்காக நான் ஆறுதல் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.