விக்னராஜா தோய்த்த கம்பளிச் சட்டை

பலேர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தியேட்டரில் விக்னராஜா பதினான்கு வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறார். நாடகக்காரர் வருவார்கள், போவார்கள்; ஒரு நாடகத்தையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. மேடையைக் கூட்டுவது, இருக்கைகளைத் துடைப்பது, நடிகர்களின் உடுப்பைத் தோய்த்து மடிப்பது, அவ்வளவுதான் அவருக்கும் கலைக்கும் உள்ள உறவு. வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. அழுக்கைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் அவரைக் கெடுத்தது.

சில மாதங்களாக அவருடைய மனம் முழுக்க அம்மாவின் விசாக் கடதாசிகளில் இருந்தது. முல்லைத்தீவில் தனியே இருக்கும் அம்மா குகனேஸ்வரிக்கு அறுபத்துமூன்று வயது. அவரைப் பலேர்மோவுக்குக் கூப்பிட வேண்டும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இத்தாலியப் பெண்மணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினாள். ஊரில் இன்னொரு பிள்ளை இருந்தால் இந்த வயதுத் தாய்க்கு இங்கே வர வழியில்லை என்றாள். கடதாசியில் இன்னொரு பிள்ளை இருந்தான். தம்பி யசிந்தன். யுத்தம் முடிந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்ன இராணுவத்திடம் அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இருக்கும் இடமே தெரியாத அவன்தான் தாயைப் பராமரிக்க வேண்டுமாம். சட்டத்துக்கு என்ன, வெட்கமா மானமா?

தம்பிக்கு மரணச் சான்றிதழ் ஒன்று எடுத்தால் எல்லாம் சரிவரும். அம்மா மாட்டேன் என்றார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் போட்டிருக்கும் கொட்டகையில், மகனின் படத்தோடு எட்டு வருடமாக இருக்கிறவர் அவர். முழங்கால் வீக்கம் ஒரு பக்கம், சீனி வியாதி ஒரு பக்கம்.

"உயிரோடை குடுத்த பிள்ளையை நான் எப்பிடிச் செத்தவன் எண்டு எழுதுறது?"

விக்னராஜா ஏழு மாதம் கெஞ்சினார். நல்லது செய்யப் புறப்பட்டவரைத் தடுப்பது லேசான காரியமா? ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அம்மா, தம்பி செத்திட்டான். ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் விளங்கேல்லை!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

அதன்பிறகு மூன்று கிழமையாக அவரும் போன் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களுடைய நாடகக் குழு ஒன்று தியேட்டருக்கு வந்தது. ஏழு பேர். மூத்த நடிகை டோரீனை எல்லோரும் அன்ரி என்றே கூப்பிட்டார்கள். நம்மவர் போல இருக்கிறார்களே என்று விக்னராஜாவுக்கு அவர்கள் மேல் ஒரு பிடிப்பு. அவர்களுடைய நிலம் பறிபோன கதை, அரசாங்கம் தாய்மாரிடம் இருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போன கதை, அதற்குப் பிறகும் அவர்கள் பாடிச் சிரித்து வாழ்ந்த கதை, இதுதான் நாடகம் என்று தியேட்டர் பொறுப்பாளர் மார்த்தினா சொன்னாள். பாவம் இவர்கள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார் அவர்.

ஞாயிறு காலை முன்வரிசை இருக்கை ஒன்றில் சிறுபிள்ளையின் கம்பளிச் சட்டை ஒன்று கிடந்தது. நீலம் என்று சொல்லவே முடியாதபடி செம்மண் ஏறியிருந்தது. மேடை உடுப்பு இந்தக் கோலத்திலா என்று எடுத்து, கம்பளி சுருங்காமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பக்குவமாகத் தோய்த்தார். மூன்று தண்ணீர் சிவப்பாகப் போனது. நான்காவது தெளிந்தது. அவருக்குப் பெரிய திருப்தி.

பிற்பகல் காட்சிக்கு முன் டோரீன் அதைக் கொடியில் கண்டார். எடுத்து இரண்டு கையாலும் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். விக்னராஜா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனார். மார்த்தினாதான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள்.

அது மேடை உடுப்பு அல்ல. டோரீனின் அண்ணனுடையது. ஐந்து வயதில் அவனை அரசாங்கக் காரில் ஏற்றியபோது முற்றத்தில் விழுந்த சட்டை. அவன் எங்கே போனான் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. டோரீனின் அம்மா சாகும்வரை அதைத் தோய்க்கவில்லை. இப்போது போகும் ஊரெல்லாம் அவனுக்கென்று ஓர் இருக்கையை விட்டு, அதில் இதைப் போடுகிறார்கள்.

"அழுக்கு என்று அம்மாவுக்குத் தெரியாதா? தோய்த்து மடித்தால், அவன் வரமாட்டான் என்று நாங்களே சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் கொண்டுபோனவர்கள்" என்றார் டோரீன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அம்மா இருந்திருந்தால் உன்னை வாளியோடு தூக்கிக் கடலில் போட்டிருப்பாள்."

ஈரச் சட்டையை அந்த இருக்கையில் விரித்துவிட்டு, பக்கத்து இருக்கையில் அவரை இருக்கச் சொன்னார். நாடகம் தொடங்கியது. மேடையில் டோரீன் தன் அம்மாவாக ரொட்டிக்கு மா பிசைகிறார். தூரத்தில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடுகிறார். வேறு கார். திரும்பி வந்து மறுபடி பிசைகிறார். நான்காவது தரம் ஓடியபோது விக்னராஜாவால் இருக்க முடியவில்லை. ஏழு மாதமாகத் தான் அம்மாவிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்தபடி வெளியே வந்து, தெருவில் நின்று போன் எடுத்தார். அம்மா உடனே எடுத்தார்.

"அம்மா, அந்தச் சான்றிதழ் வேண்டாம். நான் கதைச்சது பிழை. நீங்கள் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்காதேங்கோ. வேறை வழி பாப்பம்."



"வெள்ளிக்கிழமை சான்றிதழ் எடுத்திட்டன் விக்னா. இனிக் கொட்டகைக்கும் போறேல்லை. செத்தவையின்ரை தாய்மாருக்கு அங்கை என்ன வேலை?"

"அம்மா..."

"செத்த திகதி என்ன எண்டு பதியிற இடத்திலை கேட்டினம். எனக்கென்னண்டு தெரியும்? யுத்தம் முடிஞ்ச வருசத்தை அவையே போட்டினம். நாளும் மாசமும், நீ செத்திட்டான் எண்டு சொன்ன நாளைக் குடுத்தன். அந்த நாள் வரைக்கும் என்ரை பிள்ளை இருந்தவன்தானே."

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் விக்னராஜா தாங்கியிருப்பார்.

"உனக்குக் கெதியாய் வேணுமெண்டு சொன்னனி. சான்றிதழைப் படமெடுத்து அனுப்பட்டே?" என்று கேட்டார் அம்மா.