மொபில்ஹைம் வீடுகளுக்கு அடியில் பன்னிரண்டு குளிர்காலம்

தண்ணிக்குழாய் வேலை செய்கிறவனை எல்லாரும் வீட்டுக்குள்ளே கூப்பிடுவார்கள். என்னைப் பாதி நாள் வீட்டுக்கு அடியிலேதான் கூப்பிடுவார்கள்.

ஜெர்மன் நகரமான வுப்பர்டாலிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில், ஒரு நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், நூறுக்குக் கிட்ட மொபில்ஹைம்கள் நிற்கின்றன. லொறியில் கொண்டுவந்து இறக்கி, கல்லடுக்கின்மேல் நிறுத்திய பலகை வீடுகள். தரைக்கும் வீட்டுக்கும் நடுவில் முழங்கால் உயர இடைவெளி. தண்ணிக்குழாய் ஓடுவது அதற்குள்தான்; குளிர்காற்று ஓடுவதும் அதற்குள்தான். டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை நான் நெஞ்சாலே ஊர்ந்து திரிகிற இடம் அது. விடிய எழும்பிக் குழாயைத் திறந்து, தண்ணிக்குப் பதிலாக ஒரு பெருமூச்சு மட்டும் வந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் ஆள். வாசியுங்கோ.

கம்பளி போர்த்த குழாய்

ஃப்ராவ் (திருமதி) லிண்டர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுபது தாண்டிவிட்டது, தனி ஆள். என் முதல் குளிர்காலத்தில் அவருடைய குழாய் உறைந்துபோனது. அடியில் போய் ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், குழாய் முழுக்கக் கம்பளிச் சட்டைத் துண்டுகள். ஊசிநூலால் அவ்வளவு அழகாகத் தைத்திருந்தார். எல்லாம் காலமான அவரது கணவரின் சட்டைகள். நிலத்து ஈரத்தைக் குடித்துக் கல்லாக இறுகிக் கிடந்தன.

இதை எப்படிச் சொல்வது? வெளியே வந்து, தடுமாறித் தடுமாறி, "கம்பளி ஈரமானால் குழாயைக் காப்பாத்தாது" என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னோடு அடிக்குள் ஊர்ந்து வந்து, தையல்களைத் தானே வெட்டினார். பிறகு கேள்விமேல் கேள்வி. மின்சாரத்தில் சூடாகிற நாடாவை முதலில் குழாயோடு ஒட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எரிந்துபோகும், அதற்கு மேலேதான் நுரையுறை என்று எல்லாம் கேட்டுப் படித்தார். அடுத்த கிழமை போனபோது, பக்கத்து மூன்று வீட்டுக் குழாய்களுக்கும் உறை போட்டு முடித்திருந்தார். சட்டைகளை வெட்டினது மனதுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"கஷ்டம்தான். ஆனால் இருபத்தெட்டு வருசம் பஸ் ஓட்டினனான். பிழையான றோட்டில் போறன் எண்டு தெரிஞ்சால் உடனே திருப்பிப் பழக்கம்."

வாசுகி அக்காவின் முடி உலர்த்தி

நாதன் அண்ணை எங்கள் ஊர்ப்பக்கத்தவர், பேக்கரியில் வேலை. ஒரு ஞாயிறு காலை எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, குழாய் இறுகிப் போச்சு. காஸ் விளக்கால சூடு காட்டப் போறன்." பலகை வீடு, அடியில் நுரையுறை, அதில் நெருப்பு! "அண்ணை, வேண்டாம்! வையுங்கோ கீழே!" என்று நான் கத்த, போன் கைமாறிய சத்தம் கேட்டது. "நீங்கள் ஆறுதலாய் வாங்கோ தம்பி, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார் அவருடைய மனைவி வாசுகி அக்கா.

நான் போய்ச் சேர முதலே தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதலில் பிரதான வால்வைப் பூட்டியிருக்கிறார். பிறகு குசினிக் குழாயைத் திறந்து விட்டு, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி முடி உலர்த்தியால் சாண் சாணாகச் சூடு காட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசியில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, எங்கேயும் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார். நான் செய்தாலும் இதே வரிசைதான். ஆர் சொல்லித் தந்தது, எப்படி இவ்வளவு பொறுமை என்று கேட்டேன். நாதன் அண்ணை தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் நீங்கள் செய்யேக்க பாத்துக்கொண்டு நிண்டனான். பொறுமையோ? முப்பது வருசமாய் இந்த மனிசனையே இளக்கிக்கொண்டு வாறன், குழாய் என்ன பெரிய விசயம்!"

வாடகை தராத விருந்தாளி

ஹேர் (திரு) வைஸ் எல்லாவற்றுக்கும் முறைப்பாடு எழுதுகிறவர். அவர் வீட்டுக்குப் போவதென்றால் என்னோடு வேலை செய்கிற ஊவே ஏதாவது சாட்டுச் சொல்லப் பார்ப்பான். ஊவே பெரிய உடம்புக்காரன், அடிக்குள் நுழைய ஏலாது; நான்தான் போனேன். உறைந்த இடத்தில், குழாயோடு ஒட்டி, ஒரு குவியல் காய்ந்த இலை. விலக்கினால் உள்ளே ஒரு முள்ளெலி, பந்தாகச் சுருண்டு, குளிர்கால நித்திரையில்.

இலையை அகற்றாமல் வேலை நடக்காது. மெதுவாகத் தூக்கி வேறிடத்தில் வைக்கவா என்று கேட்டேன். ஹேர் வைஸ் பனியில் முழங்காலை ஊன்றிக் குனிந்து, கனநேரம் பார்த்தார். பிறகு குழாயைப் பூட்டி, வீட்டிலுள்ள தண்ணி முழுவதையும் வடித்துவிடச் சொன்னார். மார்ச் கடைசிவரை பொதுக் குளியலறைக் கட்டடத்திலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணி சுமந்தார். அதற்காக மட்டும் ஒரு முறைப்பாடும் எழுதவில்லை.

"எனக்குக் கால் இருக்கு, நடந்துபோய் எடுப்பன். அதை இப்ப எழுப்பினால் அது வசந்தத்தைக் காணாது."

எட்டு வீட்டுக்கு ஒரே குழாய்

மைனஸ் பதினாலு காட்டிய ஒரு காலையில், ஒரு வரிசையில் எட்டு வீட்டுக்கும் போகிற குழாய் உறைந்தது. அதில் ஒரு வீடு அனுஷாவுடையது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தாதி. மூன்று கிழமைக் குழந்தை கையில். எனக்குப் பதற்றம். நான் அடியிலும் ஊவே வெளியிலுமாக மதியம்வரை சூடு காட்டினோம். விரல்கள் மரத்துப் போயின.

ஒரு தரம் மூச்சுவிட வெளியே வந்தேன். அனுஷாவின் வாசலில் கேத்தில், வாளி, சூப் சட்டி, பூவாளிகூட நிற்கிறது. அந்த வரிசைச் சனம் பொதுக் குளியலறையிலிருந்து தண்ணி சுமந்து வந்து, தங்கள் வீட்டுக்கு ஒரு துளி எடுக்க முதல் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை. "பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று நான் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன்.

"அவசரப்படாதேங்கோ அண்ணை. உள்ளயும் எல்லாம் வாளிதான்; இனி ஒரு வாளி வந்தாலும் நானும் பிள்ளையும் வெளியிலதான் நிக்கவேணும்."

இப்படிப்பட்ட மனிசரிடம் பன்னிரண்டு குளிர்காலம் பாடம் படித்த என் சொந்த வீட்டிலேயே போன ஜனவரியில் தோட்டத்துக் குழாய் வெடித்ததை மட்டும், தயவுசெய்து, அவர்கள் ஒருவருக்கும் சொல்லிவிடாதேங்கோ.